அரை டன் பிக்கப்பில் பாப்-அப் கேம்பர்: நான்கு வருட அனுபவம்

நான்கு வருடமாக எங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பின்பெட்டியில் ஒரு பாப்-அப் கேம்பரை, அதாவது தங்கும்போது கூரையை உயர்த்தினால் துணிச்சுவரோடு விரியும் சின்ன வீட்டை, ஏற்றி ஓட்டி வருகிறோம். இருப்பது கலிஃபோர்னியாவில். 395 நெடுஞ்சாலையில் பிஷப், லோன் பைன் பக்கம்தான் அதிகம் போவோம். கேம்பர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி?" என்றுதான். டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் வெள்ளை-மஞ்சள் ஸ்டிக்கரை முதலில் படியுங்கள் என்று சொல்வேன்.

ஆட்களும் சாமான்களும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அந்த ஒரு வண்டிக்கான கணக்கு அதில் இருக்கும். எங்களுடையது 1,640 பவுண்டு. ஒரே மாடலிலேயே சன்ரூஃப், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் என்று வசதி கூடக் கூட இந்த எண் குறையும். 'அரை டன்' என்ற பெயரை நம்பியும் கணக்குப் போட முடியாது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. ஒரு காலத்தில் சுமார் 1,000 பவுண்டு ஏற்றிய வண்டிகளுக்கு வந்த பெயர் அது.

நாங்கள் பார்த்த கேம்பரின் விளம்பரத் தாளில் எடை 980 பவுண்டு என்று இருந்தது. அது வெற்றுக்கூட்டின் எடை. ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெயில் மறைப்பு, இரண்டு பேட்டரி எல்லாம் சேர்ந்து 1,170 ஆனதை விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குடும்பத்தோடு, தண்ணீர் நிரப்பி, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை போட்டுப் பார்த்தபோது வண்டியும் சேர்த்து மொத்தம் 7,195 பவுண்டு. வண்டி, பாரம் எல்லாம் சேர்ந்த உச்ச வரம்பு 7,050. அன்று மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போனது. பின்சீட்டில் ஆறு வயது மகள். அந்தப் பயம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

பின்பக்கம் தாழ்ந்தால் காற்றுப்பை ஸ்பிரிங் போட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். அதைப் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆட்டம் குறையும். ஆனால் அச்சும் பிரேக்கும் பழையவைதானே, வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது. எடையைக் குறைப்பதுதான் வழி என்று இறங்கினோம். 65 பவுண்டு லெட் ஆசிட் பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, 28 பவுண்டில் ஒரு லித்தியம் பேட்டரி வைத்தோம். வெயில் மறைப்பைக் கழற்றியதில் 45 குறைந்தது. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு. 12 கேலனுக்குப் பதில் 5 கேலனோடு கிளம்பி, தங்கும் ஊருக்குப் பக்கத்தில் மீதியைப் பிடித்துக்கொள்கிறோம். அடுத்த முறை எடை 6,990. டயரையும் அதிக பாரம் தாங்கும் எல்.டி. (லைட் டிரக்) ரகத்துக்கு மாற்றினேன். வளைவுகளில் வண்டி அலைவது நன்றாகவே குறைந்தது.

எடைக்கு அடுத்தபடி கேம்பரின் ஈர்ப்பு மையம். அது பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். ஐந்தரை அடிப் பெட்டியில் நீளமான கேம்பரை ஏற்றினால் பாரம் பின்னுக்குப் போய், ஸ்டியரிங் லேசாகிவிடும். இன்னொன்று, 2015 முதல் எஃப்-150 பெட்டி அலுமினியம். கேம்பரைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு அடியில் அகலமான தகடு வைத்தே முடுக்க வேண்டும். கிளம்பிய ஒரு மணி நேரத்தில் நிறுத்தி, கேம்பரை வண்டியோடு இழுத்துப் பிடிக்கும் டர்ன்பக்கிள் திருகுகளை ஒருமுறை இறுக்கிவிடுவேன்.

கூரை தாழ்ந்திருப்பதால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பக்கக் காற்றில்கூட நிம்மதியாக ஓட்டலாம். இதற்காகவே பாப்-அப்பை மறுபடியும் தேர்ந்தெடுப்பேன். குளிர்காலம்தான் கஷ்டம். மூன்று பேர் மூச்சுவிட்டால் காலையில் துணிச்சுவர் முழுக்க ஈரம். மேல்விசிறித் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தே தூங்குகிறோம். மழையில் நனைந்த துணியோடு கூரையை மடக்க நேர்ந்தால், வீடு வந்ததும் விரித்துக் காயவைப்பதுதான் முதல் வேலை. ஒருமுறை மூன்று நாள் விட்டதில் பூஞ்சை பிடித்து, அந்தக் கறை இன்னும் போகவில்லை.

இந்த வசந்தத்தில் மறுபடி எடை போட்டோம்: 7,030. மகளுக்குப் பத்து வயதாகிவிட்டது. அடுத்த பயணத்தில் மடக்கு மேசையும் கூடுதல் நாற்காலியும் வீட்டிலேயே இருக்கும்.