செக்கெண்ணெய்க் கடை ஒன்றின் சரக்கும் கணக்கும்

ஈரோட்டுக் கடைவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டு மரச்செக்குகளை வைத்து நடத்தப்படும் எண்ணெய்க் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயர் போட வேண்டாமென்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். நாட்டுப் பொருள்களின் மீது மக்களுக்கு ஆர்வம் பெருகிய ஆண்டுகளில் கொங்குப் பகுதியில் தெருவுக்குத் தெரு செக்குக் கடைகள் முளைத்தன. அவற்றில் பல, இயந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மூடப்பட்டும் விட்டன. மூடிய கடைகளில் நல்ல எண்ணெய் விற்றவையும் உண்டு என்பதால், இந்தக் கடை நிலைத்திருப்பதைத் தரத்தை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. விற்பதில் காட்டும் அக்கறையைக் காட்டிலும் வாங்குவதில் இவர் காட்டும் அக்கறை கூடுதல் என்பதே நான் கண்ட காரணம்.

முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலெண்ணெயில் வறுத்த வாசனை இல்லை. பச்சைக் கடலையின் மணம் இருக்கிறது, வாணலியில் காயும்போது நுரை கொஞ்சம் எழுந்து அடங்குகிறது. நல்லெண்ணெய் கருப்பட்டி சேர்த்து ஆட்டப்படுவதால் கசப்பின்றி இருக்கிறது. இட்லிப் பொடிக்கு இதை ஊற்றிப் பழகியவர்கள் வேறு எண்ணெய்க்கு எளிதில் மாறமாட்டார்கள். ஆட்டிய எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு மூன்று நாள் வைத்துக் கசடு இறங்கிய பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் ஆள்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்க, "இன்னும் தெளியலைங்க, நாளன்னைக்கு வாங்க" என்று அனைவரையும் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். அந்த நாளின் வரவை விட்டுவிட அவர் தயங்கவில்லை.

இனி வாங்குகிற கதைக்கு வருகிறேன். எள்ளுக்குச் சிவகிரி, கொப்பரைக்கு அவல்பூந்துறை என்று ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நடக்கும் ஏலங்களுக்கு அவரே நேரில் செல்கிறார். ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் வரத்தாகும்போது சில மாதத் தேவைக்கு மொத்தமாகப் பிடித்து வைக்கிறார். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துத் தோல் எப்படிக் கழல்கிறது என்று பார்க்கிறார். பிறகு ஒரு பருப்பை எடுத்துக் கடிக்கிறார். "மொடுக்" என்று ஒடியாமல் பல்லில் மசிந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரமுள்ள பருப்பு எடையில் ஏமாற்றும், பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு, சுத்திகரிப்புக்கு உட்படாத செக்கெண்ணெயில் தங்கிவிடக் கூடியது. ஆகவே, கருத்த பருப்பையும் சுருங்கிய பருப்பையும் இரண்டு பெண்கள் முறத்தில் பொறுக்கித் தள்ளிய பிறகே சரக்கு செக்குக்குப் போகிறது. அவர்களுக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு என்று கருதுகிற கடைக்காரர்களை நான் அறிவேன்.

கடையின் உண்மையான சொத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு நீள நோட்டு. ஒவ்வோர் ஈட்டுக்கும், அதாவது செக்கில் ஒரு முறை போட்டு ஆட்டும் அளவுக்கும், எத்தனை கிலோ பருப்பு போட்டார்கள், எவ்வளவு எண்ணெய் இறங்கியது, புண்ணாக்கு எத்தனை கிலோ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. எண்ணெய் குறைந்த ஈட்டுக்கு நேரே பருப்பு எந்த வியாபாரியிடம் வாங்கியது என்ற குறிப்பும் இருக்கிறது. அடுத்த முறை அவரிடம் விலை பேசும்போது இந்தப் பக்கம்தான் பேசுகிறது.

இந்தக் கணக்கு வாங்குபவருக்கும் பயன்படும். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு பிடிக்கும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்கே 325 ரூபாய் ஆகிறது. மாட்டுத் தீவனத்துக்குப் போகும் புண்ணாக்கு 1.4 கிலோவை 45 ரூபாய் வீதம் விற்றால் 63 ரூபாய் திரும்பி வரும். எஞ்சிய 262 ரூபாய் மூலப்பொருளுக்கு மட்டுமான அடக்கம். மின்சாரம், கூலி, வாடகை, புட்டி எல்லாம் இதற்கு மேல். பருப்பு அந்த விலைக்கு விற்கும் நாளில் "சுத்தமான மரச்செக்கு" என்ற பலகையோடு 200 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார் என்றால், அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஓர் உணவகத்துக்காரர் மாதக் கடனுக்கு டின் கணக்கில் கேட்டு வந்தபோது இவர் மறுத்துவிட்டாராம். சிறு தொழில்களுக்கு அரசு வழங்கும் உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் துணைக்கு இருந்தாலும், அத்தனை நாள் முடங்கும் பணத்தை வைத்துக்கொண்டு ஏலத்தில் சரக்கு எடுக்க முடியாது என்பது இவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

செக்கு வாங்கிய கடனைப் பற்றிக் கேட்டபோதும் விவரமாகவே பேசினார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 விழுக்காடும் ஊரகத்தில் 25 விழுக்காடும் மானியம் உண்டு. ஆனால் அது மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழிக்கப்படும். இதை அறியாமல் மானியத்தைக் கைமுதலாகக் கணக்கிட்டு இறங்கியவர்கள், முதல் பருவத்திலேயே பருப்பு வாங்கப் பணமின்றி வட்டிக்கு அலைந்தார்கள் என்றார். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், அடைத்த தேதி, நிகர அளவு ஆகியவை புட்டியில் முறையாக அச்சிடப்பட்டுள்ளன; அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நிரப்பிய புட்டிகளை மேற்கு பார்த்த முகப்பு அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள்; பிற்பகல் வெயில் நேராக அவற்றின் மேல் விழுகிறது. தெளிவதற்கு வைக்கும் வெயில் வேறு, தெளிந்த எண்ணெயை வாரக்கணக்கில் காய்ச்சும் வெயில் வேறு. பின்னதில் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். இத்தனை நுணுக்கமான ஒருவர் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று புரியவில்லை. செக்கு ஓடும் நேரத்தில் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. இவற்றை விடப் பெரிய குறை, சரக்குப் பார்க்கிற திறமை முழுவதும் ஒரே ஆளிடம் இருப்பது. அவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் கொள்முதல் நின்றுவிடுகிறது. மகனுக்குக் கல்லாவைப் பழக்கிய அளவுக்கு மூட்டையைப் பழக்கவில்லை. நோட்டில் எழுதப்படாத அறிவு அவர் கையிலும் பல்லிலும் இருக்கிறது.

விலை ஊரில் உள்ள மற்றச் செக்குக் கடைகளை விடச் சற்றுக் கூடுதல். நல்லெண்ணெய்க்கு அந்தக் கூடுதலைத் தயங்காமல் கொடுக்கலாம், கடலெண்ணெய்க்கும் கொடுக்கலாம். தேங்காயெண்ணெய் பல நாள்களில் இருப்பில் இல்லை என்பதால் நேரில் போய்ச் சொல்லிவைக்க வேண்டும். சொந்தப் பருப்பைக் கொண்டுபோய்க் கூலிக்கு ஆட்டிக்கொள்ளவும் வசதி உண்டு, ஆனால் ஓர் ஈட்டுக்குக் குறைந்த அளவை ஏற்பதில்லை. புட்டி வாங்குவோர் முகப்பில் இருப்பதை எடுக்காமல், உள்ளறையிலிருந்து கேட்டு வாங்கி, அடைத்த தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது.