இமேஜ் கோப்பா, முழு டிஸ்க்கா, ஷேர்டு ஃபோல்டரா: விஎம்மில் டிஸ்க் மக்கர் பண்ணும்போது எது கைகொடுக்கும்?

விர்ச்சுவல் மெஷினுக்கு (விஎம்), அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்கு, டிஸ்க் கொடுக்க மூன்று வழி உண்டு. அதைத் தாங்கும் நிஜக் கணினியில், அதாவது ஹோஸ்ட்டில், ஒரு இமேஜ் கோப்பை உருவாக்கி அதையே டிஸ்க் என்று நம்பவைக்கலாம். நிஜமான ஹார்ட் டிஸ்க் ஒன்றை அப்படியே தாரை வார்க்கலாம். அல்லது ஹோஸ்ட்டின் ஃபோல்டர் ஒன்றை உள்ளே பகிரலாம். நான் இரண்டு வருஷம் இரண்டாவது வழியில் இருந்துவிட்டு முதல் வழிக்கு வந்தவன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. என்னுடையது லினக்ஸ் ஹோஸ்ட். விஎம்மை ஓட்டுவது கேவிஎம், கியூஎமு; நிர்வகிப்பது லிப்விர்ட். விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். முழு டிஸ்க்தான் வேகம். ஆனால் விஎம்முக்கென்றே செய்த விர்ட்டியோ டிரைவர் போட்ட க்யூகவ்2 (கியூஎமுவின் இமேஜ் வகை) இமேஜ் ஒரு எஸ்எஸ்டி மேல் இருந்தால், அன்றாட வேலையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது வேறொரு இடத்தில்: டிஸ்க் படுத்துவிட்ட ராத்திரியில்.

முழு டிஸ்க் வைத்திருந்தபோது இரண்டு முறை அடிபட்டேன். முதல் அடி சின்னது. விஎம்மின் அமைப்பில் ‘எஸ்டிபி’ என்று டிஸ்க்கின் பெயரை எழுதி வைத்திருந்தேன். ஹோஸ்ட்டில் இன்னொரு டிஸ்க்கைச் செருகி ரீபூட் செய்தேன். பழைய எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிட்டது. விஎம் கிளம்பவில்லை, பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்றது. உள்ளே பூட்லோடர் (இயங்குதளத்தைக் கிளப்பும் நிரல்) கெட்டுவிட்டதென்று நினைத்து ஒரு மணி நேரம் ரெஸ்க்யூ ஐஎஸ்ஓவோடு மல்லுக்கட்டினேன். நான் பழுதுபார்க்க முயன்றது புது டிஸ்க்கை! அது காலி டிஸ்க்காக இருந்ததால் தப்பித்தேன். லினக்ஸ் இந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்கும் வரிசையில்தான் கொடுக்கிறது, அவை நிரந்தரம் இல்லை. டிஸ்க்கின் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த ‘பை-ஐடி’ பாதையைக் கொடுத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

இரண்டாவது அடி பெரியது. விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கோப்பு வேண்டும். ஹோஸ்ட்டின் ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்க் கண்ணெதிரே தெரிகிறது. கிளிக் செய்தேன், மவுண்ட் ஆனது (ஹோஸ்ட்டோடு இணைந்தது), கோப்பை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் விஎம்மில் எதை எழுதப்போனாலும் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’. ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள ஒரே பார்ட்டிஷனை இரண்டு கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி; ஹோஸ்ட்டில் ஒன்று, விஎம்மில் ஒன்று) ஒரே நேரத்தில் கையாளக் கூடாது. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். முடியாத வேலை ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேட்டில்) நின்றால், மவுண்ட் ஆகும்போதே ஈஎக்ஸ்டி4 அதை நிறைவேற்றி டிஸ்க்கில் எழுதிவிடும். உள்ளே இருக்கும் கெர்னலுக்கு அது தெரியாது. தன் நினைவில் உள்ளதும் டிஸ்க்கில் உள்ளதும் ஒத்துப்போகாதபோது, மேலும் சேதம் வேண்டாமென்று எழுதுவதை நிறுத்திக்கொள்கிறது.

பதற்றத்தில், ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகேவை எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லும்படி ஓட்டினேன். ஓடி முடிந்தது. ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரைத் திறந்தால், ‘#’ குறியும் ஐநோடு எண்ணுமே (ஃபைல் சிஸ்டம் கோப்புக்குத் தரும் உள் எண்) பெயராக, வரிசையாகக் கோப்புகள். எது எந்த ஃபோல்டரில் இருந்தது, எது என்ன பெயர், ஒன்றும் இல்லை. எஃப்எஸ்சிகே தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இருந்த ஒரே பிரதியின் மேல் அதை ஓட்டியது நான்.

இமேஜ் கோப்புக்கு மாறியதற்கு முழுக் காரணமும் அந்தக் கடைசி வரிதான். பழுதுபார்ப்பதை முதலில் ஒத்திகை பார்க்க முடிகிறதா, இல்லையா? எனக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

இமேஜ் கோப்பில் அந்த ஒத்திகை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். விஎம்மை அணைக்கிறேன். கியூஎமு-இமேஜ் கருவியால், கெட்டுப்போன இமேஜை அடிப்படையாகக் காட்டி அதன் மேல் ஒரு புது க்யூகவ்2 கோப்பை உருவாக்குகிறேன். அடிப்படைக் கோப்பு எந்த வகை என்பதையும் சொல்லியாக வேண்டும், புதிய பதிப்புகள் அது இல்லாமல் மறுத்துவிடும். ஒரு நொடி வேலை. புதுக் கோப்பு சில நூறு கிலோபைட்தான் இருக்கும். விஎம்மை இந்த மேலடுக்கிலிருந்து கிளப்பினால், படிப்பதெல்லாம் கீழே உள்ள பழைய இமேஜிலிருந்து வரும், எழுதுவதெல்லாம் மேலடுக்கில் விழும். இப்போது எஃப்எஸ்சிகேவை எவ்வளவு கொடூரமாக வேண்டுமானாலும் ஓட்டலாம். பிடிக்கவில்லையா, மேலடுக்கை அழித்துவிட்டு இன்னொன்று. பிடித்திருந்தால் ‘கமிட்’ கட்டளை மாற்றங்களைக் கீழே இறக்கிவிடும். ஒரே ஒரு விதி: மேலடுக்கு இருக்கும்வரை அடியில் உள்ள கோப்பில் கை வைக்கக் கூடாது. அது ஒரு பிளாக் மாறினாலும் மேலடுக்கை நம்ப முடியாது.

‘முழு டிஸ்க் மேலேயும் இதே மேலடுக்கைப் போடலாமே’ என்று ஒருவர் கேட்பார். போடலாம், கியூஎமு ஒத்துக்கொள்ளும். ஆனால் எனக்கு அந்த ராத்திரி அது தோன்றவில்லை. அதோடு, பாதுகாப்புக்கு முழு நகல் ஒன்றும் எடுக்க நினைத்தால், அது 2 டிபி டிஸ்க், அவ்வளவு காலி இடம் வேறு தேட வேண்டியிருந்திருக்கும். இமேஜ் அப்படியில்லை, நான் 200 ஜிபி என்று சொல்லியிருக்கும் டிஸ்க் உண்மையில் 40 ஜிபிதான் பிடித்திருக்கிறது. விஎம்மை அணைத்துவிட்டு ஒரு காப்பி, முடிந்தது கதை.

இன்னொரு சௌகரியம், பூட்டு. கியூஎமு 2.10 பதிப்பிலிருந்து இமேஜ் கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் இமேஜை அதே குடும்பத்தின் இன்னொரு கருவி எழுதத் திறக்கப் பார்த்தால், ‘ரைட் லாக் கிடைக்கவில்லை’ என்று விரட்டிவிடும். இந்தப் பிழையைப் பார்த்ததும் பூட்டை மீறும் வழியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேடாதீர்கள். பின்னணியில் வேறொரு ப்ராசஸ் அந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள். ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து நான் பட்ட அடி இங்கே விழாது. இமேஜ் கோப்பு அங்கே வெறும் ஒரு கோப்பாகத்தான் தெரியும்.

இமேஜிலும் தலைவலி உண்டு. ஒருநாள் விஎம் உறைந்துவிட்டது. எஸ்எஸ்ஹெச் போகவில்லை, பிங்குக்குப் பதிலில்லை. நெட்வொர்க்தான் என்று பிரிட்ஜையெல்லாம் அவிழ்த்துக் கட்டினேன். கடைசியில் லிப்விர்ட்டின் விர்ஷ் கட்டளையில் பட்டியலைப் பார்த்தால் அந்த மெஷினுக்கு எதிரே ‘பாஸ்டு’ என்றிருந்தது; காரணம் கேட்டால் ‘ஐஓ எரர்’. ஹோஸ்ட்டின் டிஸ்க் நிரம்பிவிட்டது! இமேஜ் வளர இடமில்லாமல் போனால் கியூஎமு, பிழையை உள்ளே அனுப்பாமல், விஎம்மை அப்படியே நிறுத்தி வைப்பதுதான் வழக்கமான அமைப்பு. பழைய ஐஎஸ்ஓக்களை அழித்துவிட்டு ‘ரிஸ்யூம்’ கொடுத்தேன். உள்ளே பாதியில் நின்ற கம்பைல் எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தது. அதன் பிறகு டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டை ‘அன்மேப்’ என்று வைத்து, உள்ளே வாரம் ஒருமுறை, காலியான இடங்களை டிஸ்க்குக்குச் சொல்லும் எஃப்எஸ்ட்ரிம் ஓடவிட்டிருக்கிறேன். உள்ளே அழித்த இடம் ஹோஸ்ட்டுக்குத் திரும்பி வருகிறது.

க்யூகவ்2 தானும் ஓர் அடுக்கு என்பதால் அதுவே கெட வாய்ப்புண்டு, முழு டிஸ்க்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு கியூஎமு-இமேஜின் ‘செக்’ ஓட்டியபோது லீக் என்று சில கிளஸ்டர்களை (இமேஜின் துண்டுகளை) காட்டியது. லீக் என்றால் வீணான இடம்தான், தரவுக்குச் சேதமில்லை. கரப்ஷன் என்று காட்டினால்தான் வயிறு கலங்க வேண்டும். எனக்கு இதுவரை அது வந்ததில்லை, ஒரு வருஷ அனுபவத்தை வைத்து அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டிஸ்க்கே தெரியவில்லை என்ற புகாரில் இமேஜுக்கும் முழு டிஸ்க்குக்கும் வேறுபாடு கிடையாது. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தால் விர்ட்டியோ டிரைவர் ஐஎஸ்ஓவை இணைத்து டிரைவரை ஏற்றுங்கள். டிஸ்க் இணைப்பைச் சாட்டாவிலிருந்து விர்ட்டியோவுக்கு மாற்றியபின் லினக்ஸ் பூட் ஆகவில்லையென்றால் இரண்டு இடம் பாருங்கள்: இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டாகும்போது முதலில் ஏறும் சின்ன ஃபைல் சிஸ்டம்) அந்த மாட்யூல் இருக்கிறதா, எஃப்எஸ்டேபில் (எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) எஸ்டிஏ என்று எழுதி வைத்திருக்கிறீர்களா. விர்ட்டியோ-பிளாக்கில் அதே டிஸ்க் விடிஏ ஆகிவிடும்.

ஷேர்டு ஃபோல்டரை இவற்றோடு போட்டிக்கு நிறுத்துவதே கொஞ்சம் அநியாயம், அது டிஸ்க்கே இல்லை. கோப்பு பரிமாற நல்லது. விர்ச்சுவல்பாக்ஸில் ‘பர்மிஷன் டினைடு’ வந்தால் பத்தில் ஒன்பது முறை உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்து மறுபடி லாகின் செய்தால் தீர்ந்துவிடும். கேவிஎம்மில் ஃபோல்டர் பகிர விர்ட்டியோஎஃப்எஸ் இருக்கிறது. விஎம்மின் மெமரியைப் பகிரும்படி அமைக்காவிட்டால் கிளம்பவே கிளம்பாது. ஹோஸ்ட்டில் கோப்பை மாற்றினால் உள்ளே ஐநோட்டிஃபை (கோப்பு மாறியதைச் சொல்லும் லினக்ஸ் வசதி) அறிவிப்பு வராது. கோட் மாறியதும் தானாக ரீலோட் ஆகும் சர்வர் சும்மா உட்கார்ந்திருந்தால் காரணம் இதுதான். டேட்டாபேஸை அதன் மேல் வைக்க எனக்குத் துணிவில்லை.

முழு டிஸ்க்கை யார் வைத்துக்கொள்ளலாம்? பல டெராபைட் தரவை விஎம்முக்குள் ஆளப்போகிறவர்கள், நாளைக்கு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்ட நினைப்பவர்கள். ஆனால் ஹோஸ்ட் அந்த டிஸ்க்கைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்விஎம் (டிஸ்க்கை வால்யூம்களாகப் பிரித்தாளும் லினக்ஸ் வசதி) இருந்தால் அந்த வால்யூம்களை ஹோஸ்ட்டே தான் பூட் ஆகும்போது தன்னுடையது என்று எழுப்பிவிடும், எல்விஎம் அமைப்பில் ஃபில்டர் போட்டு ஒதுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான விஎம் ஓடும் இடங்களில் கணக்கு வேறு. நான் பார்த்தது ஒரு கணினி, ஐந்தாறு மெஷின்.

அந்தப் பழைய 2 டிபி டிஸ்க் இப்போது ஹோஸ்ட்டுக்கே சொந்தம். ஞாயிறுதோறும் விஎம்களை அணைத்துவிட்டு இமேஜ் கோப்புகளை அதில்தான் நகலெடுக்கிறேன். எஃப்எஸ்டேபில் இந்தத் தடவை எஸ்டிபி போன்ற பெயரை விட்டுவிட்டு, மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டிருக்கிறேன்.