ரெண்டு வருசமா நான் அலபாமா நேர்ஸ்

போன கிழமை மன்னார்ல இருந்து என்ர பட்ச்மேட் ஒருத்தி வொய்ஸ் மெசேஜ் போட்டவள், "எடி, நீ ஒரு பார்மகாலஜி கோர்ஸ் ஒன்லைன்ல செய்யிறனியெல்லோ, அது இப்ப விலை குறைஞ்சிருக்காம், எடுக்கட்டோ வேண்டாமோ, ஒரு சொல்லில சொல்லு" எண்டு. ஒரு சொல்லில சொல்லுவம் எண்டுதான் நானும் மைக்கை அமத்தினன், பதினொரு நிமிசம் கதைச்சுப்போட்டன், அதில முக்காவாசி ஏச்சு. கேட்டுப்போட்டு "அப்ப வேண்டாம் எண்டுறியோ" எண்டாள், எனக்கே தெரியேல்ல. அதான் இண்டைக்கு ஓஃப், உடுப்பு தோய்ச்சுப்போட்டு வந்து ஆறுதலா இருந்து எழுதிறன்.

பார்மகாலஜி எண்டா மருந்துகளைப் பற்றின படிப்பு. இது என்ன கோர்ஸ் எண்டு கனக்க விளங்கப்படுத்தேல்ல, தேடிறவைக்குத் தெரியும். அமெரிக்காவில இருக்கிற நேர்ஸ் பிராக்டிஷனர்மாருக்கெண்டு செய்தது. அங்க அவை தாங்களே மருந்து எழுதுவினம், அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா சான்றிதழ் புதுப்பிக்க வேணும், அங்கத்தைய பெரிய சான்றிதழ் சபை ரெண்டும் அதுக்கு 25 மணித்தியாலம் பார்மகாலஜி மட்டும் தனியாக் கேக்கும். அந்த 25 மணித்தியாலத்த விக்கிற கடைதான் இது. கனடாவில இருக்கிற மச்சாளும் நேர்ஸ் பிராக்டிஷனர்தான், அவ தன்ர கார்ட்டால கட்டினவ, நான் இஞ்ச மாமியிட்ட ரூபாயாக் குடுத்தனான். நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்ட். மருந்து எழுதிற வேலை எனக்கில்ல, குடுக்கிற வேலை. பிறகேன் வாங்கினனீ எண்டு கேட்டா, பன்ரெண்டு வருசம் சேர்விஸ், நேர்சிங் ஸ்கூல் நோட்ஸ் கறையான் அரிச்சுப்போச்சு, அவ்வளவுதான்.

முதல் ஏச்ச ஏசிப்போட்டுத்தான் மற்றது. ஒவ்வொரு பாடம் முடியவும் ஒரு சோதினை, பாஸ் பண்ணினா சேர்ட்டிபிக்கட். அத எடுக்க முதல் "உங்கட மாநிலம்" எண்டு ஒரு பெட்டி வரும். தெரிவு செய்யாட்டி சேர்ட்டிபிக்கட் இல்ல, அதில்லாட்டி அடுத்த பாடம் திறக்காது. பட்டியலில அமெரிக்க மாநிலங்கள் மட்டும். வேற நாடு எண்டு ஒரு வரி இல்ல. முதல் நாள் இரவு அரை மணித்தியாலம் மேலயும் கீழயும் உருட்டிப் பாத்துட்டு, விசரில மேல முதலாவதா நிண்டத அமத்தினன். அலபாமா. அண்டையில இருந்து நான் அலபாமா நேர்ஸ். முப்பத்தொரு சேர்ட்டிபிக்கட் கிடக்கு, எல்லாத்திலயும் என்ர பேர், கீழ அலபாமா. ஒண்ட பிரிண்ட் எடுத்து என்ர பைலுக்க வைச்சனான், வார்ட் சிஸ்டர் பைல் பாக்கேக்க கண்ணாடிய இறக்கிப்போட்டு "ஆர் பிள்ளை இது, அலபாமா?" எண்டா. கலியாணம் பேசி வந்த இடம் எண்டு நினைச்சிருப்பா.

கம்பனிக்கு மூண்டு தரம் ஈமெயில் போட்டனான். ரெண்டு தரம் நன்றி எண்டு வந்தது. மூண்டாம் தரம், "இது பற்றி உங்கள் மாநில நேர்சிங் சபையைக் கேளுங்கள்" எண்டு வந்தது. நான் அலபாமாக்கு போன் எடுக்கிறதோ? பிறகு ரெண்டு மாதத்துக்கு முதல் சைட்ட புதுசாக்கியிருக்கினம் எண்டு சந்தோசமாப் போய்ப் பாத்தா, பட்டியலில குவாமும் புவேர்ட்டோ ரிக்கோவும் கூடியிருக்கு. கடலுக்க கிடக்கிற குவாம் வரைக்கும் வந்தவைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி வர ஏலாமப் போச்சு. நியாயமாச் சொன்னா அவையில பிழை இல்ல, இது அமெரிக்க ஆக்களுக்கு எண்டு முன்பக்கத்திலயே கொட்டை எழுத்தில கிடந்தது, வாசிச்சுப்போட்டுத்தான் வாங்கினனான். நியாயம் விளங்குது, கோவம் போகேல்ல.

மருந்துப் பேருகள் முதல் மூண்டு மாதம் பெரிய கரைச்சல். அசிட்டமினோபன் எண்டா எங்கட பனடோல், அது தெரியும். அல்புட்டெரோல் எண்டா சல்புட்டமோல். கிளைபுரைட் எண்டா கிளிபென்கிளமைட். மெபெரிடின் எண்டு ஒண்டு, சிறுநீரகம் பழுதான ஆக்களுக்குக் குடுத்தா அது உடைஞ்சு வாற கழிவு உடம்பில தேங்கி வலிப்பு வரும், கவனம் கவனம் எண்டு ஒரு பாடம் முழுக்கச் சொல்லுறாங்கள், நானும் ஏதோ புது மருந்தாக்கும், எங்களிட்ட வரேக்க பாப்பம் எண்டு வடிவா நோட்ஸ் எடுத்துக்கொண்டு இருக்கிறன், கடைசியில தேடிப் பாத்தா பெத்திடின், கடும் நோவுக்கு நாங்கள் போடுற ஊசி. கட்டுப்பாட்டு மருந்து வைக்கிற டிடிஏ கப்போர்ட்டுக்க ரெண்டு பூட்டுப் போட்டு, டியூட்டி மாறேக்க நான் எண்ணிக் கையெழுத்து வைக்கிற அதே பெத்திடின். அண்டைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயித்துக்க ஒரு மாதிரியும் இருந்தது.

இனி நல்லத சொல்லோணும், சொல்லாட்டி பாவம். சிறுநீரகமும் மருந்தும் எண்டு ஒரு பகுதி, ஆறு பாடம். அதுக்காக மட்டும் குடுத்த காசு சரி. எங்கட பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு எண்டு வவுனியா, முல்லைத்தீவு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஊருக்கு நாலு பேர் டயலிசிஸுக்கு பஸ் ஏறினம், காரணம் இதுதான் எண்டு பிடிபடாத வகையும் கிடக்கு. அந்தப் பகுதியில, மூண்டு மருந்து ஒண்டாச் சேர்ந்தா சிறுநீரகம் எப்பிடிப் படுக்கும் எண்டு காட்டுறாங்கள். டைக்குளோபெனாக் மாதிரி நோ மருந்து ஒண்டு, லொசாட்டான் எனலப்ரில் மாதிரி பிரெசர் மருந்து ஒண்டு, மூத்திரம் போகக் குடுக்கிற மருந்து ஒண்டு. அவங்கள் பூந்தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாய வைச்சு விளங்கப்படுத்தினவங்கள், எனக்கு அது ஏறேல்ல. முத்தையன்கட்டுக் குளத்த நினைச்ச உடன ஏறிச்சுது. குளத்துக்கு வாற வாய்க்கால டைக்குளோபெனாக் ஒடுக்குது. வெளிய போற துருச லொசாட்டான் திறந்து விடுது. மூத்திர மருந்து முதலே குளத்துத் தண்ணிய வத்தப்பண்ணி வைச்சிருக்கு. நீர்மட்டம் இறங்கினா வடிக்கிறதுக்கு அமுக்கம் எங்கால வாறது?

இது படிச்சு ஒரு மாதம் ஆகேல்ல, கிளினிக் நாளில ஒரு ஐயா. காலபோக வெட்டு முடிஞ்ச கையோட வந்தவர், முழங்கால் நோ. கிளினிக் கொப்பியில லொசாட்டானும் எச்சிடி எண்ட மூத்திர மருந்தும் கிடக்கு, அதில பிழை ஒண்டுமில்ல. நான் பிரெசர் பாக்க கைய நீட்டச் சொல்ல, சேட் பொக்கெட்டுக்க இருந்து மடிச்ச பேப்பர் கவர் ஒண்டு எட்டிப் பாக்குது. என்னையா இது எண்டு கேட்டா "அது பிள்ளை நோவுக்கு, வெளியில எடுத்தது, நல்ல குளிசை, போட்டா எழும்பி ஓடலாம்" எண்டார். கவர விரிச்சா டைக்குளோபெனாக், நாளுக்கு மூண்டு, ஆறு கிழமையாப் போடுறார். கொப்பியில அது இல்ல, ஏனெண்டா ஒருத்தரும் கேக்கேல்ல, அவரும் சொல்லேல்ல. டொக்டரிட்ட போய்ச் சொன்னன், அவர் அப்பதான் தெற்கில இருந்து வந்த புது எம்ஓ, என்ர சிங்களமும் அவற்ர தமிழும் ஒரே தரம், ஆனா கவர காட்டின உடன விளங்கிச்சுது. ரத்தம் எடுத்தா கிரியேட்டினின், சிறுநீரகம் வடிக்காட்டி ரத்தத்தில ஏறிற கழிவு, 1.9. டைக்குளோபெனாக்க நிப்பாட்டி, பனடோல் குடுத்து, ரெண்டு கிழமையால திரும்ப எடுக்க 1.4. ஐயாவுக்கு நான் குளத்துக் கதையத்தான் சொன்னனான். கேட்டுப்போட்டு "அப்ப கடைசி வயலுக்குத் தண்ணி பாயாது எண்டுறாய்" எண்டார். அவ்வளவு சுருக்கமா கோர்ஸ்காரனும் சொல்லேல்ல.

வயசான ஆக்களுக்குக் குடுக்காம விடுறது நல்லம் எண்டு ஒரு மருந்துப் பட்டியல் இருக்கு, பியர்ஸ் எண்டு சொல்லுறவை, 2023ல புதுசாக்கினது, அந்தப் பாடமும் நல்லம். பிரிட்டோன் எண்ட தடிமன் குளிசை அதுக்க கிடக்கு. அம்மம்மாக்கு நித்திரை வரட்டும் எண்டு பிரிட்டோன் குடுத்த வீடு எங்கட வீடு, குடுத்தது நான், அத பற்றி இதுக்கு மேல எழுதேல்ல.

சரி, இனி உள்ளுக்க கிடக்கிற உண்மையான கடுப்பு. அலபாமா வெளிக்காயம்தான். ஒவ்வொரு சோதினைக் கேள்வியும் ஒரே மாதிரித்தான் முடியும்: "அடுத்து நீங்கள் என்ன எழுதுவீர்கள்?" டோஸ குறைப்பீங்களோ, இடைவெளிய கூட்டுவீங்களோ, மருந்த மாத்துவீங்களோ, ரத்தத்தில மருந்தின்ர அளவு பாப்பீங்களோ. நான் ஒண்டும் எழுத மாட்டன் ராசா, எழுத எனக்கு அதிகாரம் இல்ல. இரவு ரெண்டு மணிக்கு ஜெண்டமைசின் ஏத்தப் போறன், அது சிறுநீரகத்த அடிக்கக்கூடிய அன்டிபயோட்டிக், நோயாளியின்ர டிக்கட்ட பிரட்டினா பின்னேரம் வந்த ரிப்போட் ஒருத்தரும் பாக்காமக் குத்திக் கிடக்கு, கிரியேட்டினின் ஏறியிருக்கு. சரியான விடை எனக்குத் தெரியும், அலபாமாவில எண்டா நூறு மார்க்ஸ். இஞ்ச நான் செய்ய வேண்டியது, முப்பது மணித்தியாலம் நித்திரை இல்லாம குவாட்டர்ஸில இப்பதான் படுத்திருக்கிற ஒரு டொக்டர்ப் பெடியன போனில எழுப்பி, அவர் என்னில பாயாமலும், தான் பிழை விட்டதா நினைச்சு வீம்புக்கு நிக்காமலும், டோஸ மாத்தப் பண்ண வேணும். "டோஸ் பிழை டொக்டர்" எண்டு சொன்னா அலுவல் முடிஞ்சுது. "டொக்டர், பின்னேரம் ஒரு ரிப்போட் வந்தது, நீங்கள் பாத்திட்டீங்களோ தெரியேல்ல, வாசிக்கட்டோ?" எண்டு கேக்க வேணும், அந்த இலக்கத்த வாசிச்சுப்போட்டு வாய மூடிக்கொண்டு நிக்க வேணும். எதிர்ப்பக்கம் ஒரு அஞ்சு செக்கன் சத்தம் வராது. பிறகு "ஆ… ஹோல்ட் பண்ணுங்கோ, வாறன்" எண்டு வரும். அந்த அஞ்சு செக்கனுக்கு உந்தக் கோர்ஸில ஒரு பாடமும் இல்ல. ஏ, பி, சி, டி எண்டு நாலு விடை போட்டவைக்கு "டொக்டர எழுப்பு" எண்டு அஞ்சாவத ஒண்டு போட ஏலாம இருந்திருக்கு.

ஓபியொயிட், அதாவது அபின் வகை நோ மருந்து, அந்தப் பகுதி எட்டு மணித்தியாலம். 2023 ஜூனில இருந்து அங்க கட்டுப்பாட்டு மருந்து எழுதிற எல்லாருக்கும் ஒருதரம் எட்டு மணித்தியாலப் படிப்பு கட்டாயமாம், அதால அத முன்னுக்கு வைச்சுப் பூட்டியிருக்கினம், தாண்டிப் போக ஏலாது. அவையின்ர நாட்டில அது எரியிற பிரச்சினை, விளங்குது. ஆனா நான் சிங்க்குக்குப் பக்கத்தில போன சார்ஜில போட்டுட்டு சமைச்சுக்கொண்டு ஓட விட்டனான், நடுவில "இருக்கிறீங்களா?" எண்டு பெட்டி வரும், கறிக்கையோட போய் அமத்தோணும், அமத்தாட்டி முதல்ல இருந்து தொடங்கும். மழை நாளில கவரேஜ் விழுந்தாலும் அதே கதைதான்.

பாம்புக்கடிக்கு ஒரு பாடம் இருக்கு, கிலுக்குப் பாம்பு. அவையின்ர மருந்தில ஒண்டு செம்மறி ஆட்டு ரத்தத்தில இருந்து எடுத்துச் சுத்தமாக்கினது, ஒவ்வாமை குறைவாம். நல்லாயிருங்கோ. எங்களுக்கு வயலில கண்ணாடிப் புடையன், வாறது இந்தியாவில குதிரை ரத்தத்தில செய்யிற நச்செதிர் மருந்து, குப்பி குப்பியா, தூள். தண்ணி விட்டு உள்ளங்கைக்க உருட்டிக் கரைக்கோணும், குலுக்கினா நுரைச்சுப்போடும், அவசரத்தில கை தானாக் குலுக்கும், பக்கத்தில சொந்தக்காரர் "என்ன மிஸ் உருட்டிக்கொண்டு நிக்கிறியள், ஏத்துங்கோவன்" எண்டு கத்துவினம். கரைச்சு ஏத்த முதல் அட்ரினலின் 0.25 மில்லிகிராம் தோலுக்குக் கீழ குடுத்தா பெரிய ஒவ்வாமை குறையும் எண்டு காட்டினது எங்கட நாட்டு ஆய்வு, ஆயிரம் பேருக்கு மேல, 2011ல வெளிவந்தது. அதே ஆய்வில ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் பிரயோசனம் குடுக்கேல்ல. உது கோர்ஸில ஒரு வரி கூட இல்ல, எங்கட வார்ட் சுவரில ஒட்டின பேப்பரில இருக்கு. அந்தப் பேப்பருக்குக் காசு இல்ல.

காசு. நான் எடுக்கேக்க 199 டொலர், இப்ப 119. டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சாலும் முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல. ரெண்டு நாள் ஓவர்டைமில வாற காசில்ல. சேர்ட்டிபிக்கட்டால சம்பளத்தில ஒரு சதம் கூடேல்ல, கூடும் எண்டு ஆராவது சொன்னா நம்பாதேங்கோ.

மன்னார்காரிக்கு எடுக்காத எண்டுதான் கடைசியாச் சொன்னனான். அவள் லேபர் ரூம், அவளுக்குத் தேவையானது அதில மெல்லிசு. மற்றது அவளுக்குச் சட்டெண்டு கோவம் வரும். விடையத் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு, எழுத ஏலாம, போனக் காதில வைச்சு அந்த அஞ்சு செக்கன் நிக்கிறது எனக்கே சில இரவில ஏலாது, அவள் டொக்டரோட சண்டை பிடிச்சு ட்ரான்ஸ்பர் வாங்கிப்போடுவாள்.

நான் முந்தநாள் மாமியிட்ட காசு குடுத்திட்டன், இன்னும் ஒரு வருசத்துக்கு. இதயமும் மருந்தும் எண்டு புதுசா நாலு பாடம் போட்டிருக்கிறாங்கள், சும்மா பாப்பம் எண்டு. முதல் பாடம் முடிய அந்தப் பெட்டி வந்தது. அலபாமா அலுத்துப்போச்சு எண்டு கடைசிக்கு உருட்டினன். வயோமிங். சிஸ்டருக்கு இன்னும் சொல்லேல்ல.