நைட் டியூட்டி பார்ப்பவருக்கு எது ஒத்துவரும்: எம்.பி.எஸ்.ஆரா, விபாசனாவா, செயலியா?

மன அழுத்தத்துக்குத் தியானம் பழகலாம் என்று நினைக்கும் செவிலியருக்கு இன்று மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. மனக்கவனத்தால் அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வார எம்.பி.எஸ்.ஆர். பயிற்சி, பத்து நாள் விபாசனா மௌனத் தியான முகாம், போனில் ஒரு செயலி. நான் எடுத்தது முதலாவது. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும். விபாசனா முகாமுக்கு நான் போனதில்லை. எங்கள் வார்டிலிருந்து போய்வந்தவர்கள் சொன்னதும், விண்ணப்பிக்கலாமா என்று யோசித்தபோது படித்த விதிமுறைகளும்தான் கைவசம்.

செயலியை முதலில் முடித்துவிடுகிறேன். ஹெட்ஸ்பேஸ் மாதிரியானவற்றில் பத்து நிமிடம் போதும், யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். ஆனால் தியானம் சொல்லித்தரும் அதே போனில்தான் 'நாளைக்கு மார்னிங் வர முடியுமா சிஸ்டர்?' என்ற மெசேஜும் வந்து விழுகிறது. சந்தேகம் கேட்க ஆளும் கிடையாது. தூக்கம் வராத ராத்திரிக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அவை ஏறக்குறைய ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்த முகாம்களைப் பரப்பிய கோயங்கா விபாசனாவைக் கற்றது பர்மாவில் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம். எம்.பி.எஸ்.ஆரை 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய ஜான் கபாட்-ஜின்னும் பௌத்த தியானம் பழகியவர். மருத்துவமனைக்கு வருபவர் எந்த மதத்தவரானாலும் தயங்காமல் உட்காரும்படி அதை மாற்றியமைத்தார். விபாசனாவில் உச்சந்தலையிலிருந்து கவனத்தை உடல் முழுக்க நகர்த்துவார்கள், எம்.பி.எஸ்.ஆரில் பாடி ஸ்கேன் என்ற இதே மாதிரிப் பயிற்சி இடது கால் விரலில் ஆரம்பிக்கும். உத்தியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை.

காசு விஷயத்தில் விபாசனாதான் மேல். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது உட்பட எந்த மையத்திலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. முடித்தபின் விருப்பப்பட்டால் நன்கொடை. எம்.பி.எஸ்.ஆருக்குப் பயிற்றுநரிடம் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும். பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்ற இணையதளத்தில் முழுப் பயிற்சியும் இலவசம். ஆங்கிலம் புரிய வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பயிற்சி முடிந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்விதான். விபாசனா முடித்தவர்கள் வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது அங்கே தரும் அறிவுரை. மார்னிங், ஈவ்னிங், நைட் என்று சுற்றும் நமக்கு எது காலை, எது மாலை? நைட் முடித்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து, பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது வீட்டில் டிபன் வேலை பாதியில் நிற்கும். முகாமில் பேச்சு இல்லை, போன் இல்லை, அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். பத்து நாளில் மனம் ஆழமாக அடங்குகிறது என்று போய்வந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த அமைதி பழகியது மணி அடித்தால் எல்லாம் நடக்கும் ஓர் இடத்தில். டியூட்டி ரோஸ்டருக்குள் அதைக் கொண்டுவந்து பொருத்துவது முழுக்க அவரவர் பாடு.

எம்.பி.எஸ்.ஆர். தலைகீழ். வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, வாரத்தில் ஆறு நாள் வீட்டில் 45 நிமிடப் பயிற்சி, எல்லாமே வேலையின் நடுவில். எட்டு வாரத்துக்குள் எல்லா ஷிஃப்டும் வந்துவிடும். நைட் முடித்துவந்து படுத்தபடியே பாடி ஸ்கேன் செய்யலாம். பாதியில் தூங்கிப்போனாலும் பரவாயில்லை. அன்றாட வேலைகளைக் கவனத்தோடு செய்வதும் வீட்டுப்பாடத்தில் உண்டு. நான் எடுத்துக்கொண்டது கை சுத்தம். உலக சுகாதார நிறுவன முறைப்படி ஹேண்ட் ரப் தேய்க்க 20 முதல் 30 விநாடி. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் எப்படியும் செய்தாக வேண்டியதுதான். அந்த 45 நிமிடம் இப்போது எனக்குப் பல நாட்களில் பதினைந்தாகச் சுருங்கிவிட்டது. கை தேய்க்கும் நேரம் மட்டும் சுருங்கவில்லை. சுருக்கினால் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் விடமாட்டார்.

ஆதாரம்? நம் ஆட்களுக்குப் பழகிப்போன முதுகுவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 342 பேர். 26 வாரத்தில் எம்.பி.எஸ்.ஆர். குழுவில் 61 சதவீதம் பேருக்கு அன்றாட நடமாட்டம் குறிப்பிடத்தக்க அளவு தேறியது. வழக்கமான சிகிச்சைக் குழுவில் 44. ஆனால் சி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சை பெற்ற குழுவிலும் 58 சதவீதம், ஆக இது மட்டும்தான் மருந்து என்று சொல்ல முடியாது. பதற்ற நோய்க்கு எம்.பி.எஸ்.ஆர். எசிட்டலோபிராம் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று 2022இல் 276 பேரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. அதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். இன்னொன்று: இரவில் முழு வார்டுக்கும் ஒரே ஒரு ஸ்டாஃப் என்றால், அந்த அழுத்தத்துக்கு வைத்தியம் இன்னொரு ஸ்டாஃப்தான். ஆள் போடாமல் தியான வகுப்பு மட்டும் வைக்கும் நிர்வாகத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நோயாளிகள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. நாலு நாளில் டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு எட்டு வாரப் பயிற்சி எப்படிப் பொருந்தும்? அவருக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது மூச்சைக் கவனிக்கச் சொல்வதோடு சரி. ஓ.பி.க்குத் திரும்பத் திரும்ப வரும் நாள்பட்ட வலிக்காரர்களுக்காகத்தான் கபாட்-ஜின்னே இதை ஆரம்பித்தார். டயாலிசிஸ்காரர்கள் இன்னொரு கூட்டம்: வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஒரே இடத்தில். கனடாவில் 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அந்த நாற்காலியிலேயே தியானம் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகள் விருப்பத்தோடு செய்தார்கள். மனச்சோர்வு குறைந்ததாக மட்டும் நிரூபணமாகவில்லை. கடுமையான மனநோய் இருந்தவர்களை மனநல மருத்துவரைக் கேட்காமல் எதிலும் உட்கார வைக்காதீர்கள்; பத்து நாள் மௌனத்தில் நிச்சயமாக வேண்டாம்.

ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேருமுன் இடைவெளி கிடைத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் தாராளமாக விபாசனாவுக்குப் போகலாம். ரோஸ்டரில் மாட்டியிருப்பவர்கள் எம்.பி.எஸ்.ஆரில் சேரும்போது ஒன்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி இருக்கும். ரோஸ்டர் போடுவதற்கு முன்பே இன்சார்ஜிடம் அந்த நாளுக்கு ஆஃப் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.