முரண்படும் இடத்தில் எது நிற்கும்? கடலோர ஆய்வுக்கு மூன்று வழிகள்

கடலோர ஆய்வில் தொல்குடி மக்களின் அறிவையும் அறிவியலையும் இணைக்க வேண்டும் என்பதை மறுப்பவர்கள் இன்று அரிது. எப்படி இணைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. மக்களிடம் கேட்டறிந்ததை அறிவியல் தன் தரவோடு சேர்த்துக்கொள்வது முதல் வழி. இரண்டையும் தனித்தனியே நிற்கவிட்டு, ஒரே கடலை இரண்டின் வழியாகவும் பார்ப்பது இரண்டாவது வழி. ஆய்வின் கேள்வியையும் அதையொட்டி எடுக்கும் முடிவையும் மக்கள் சம உரிமையோடு சேர்ந்து தீர்மானிப்பது மூன்றாவது வழி. இரு அறிவுகளும் ஒத்துப்போகும்வரை இம்மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை; அவை முரண்படும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொண்டே இவற்றை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1970களில் கடலுயிரியலாளர் ராபர்ட் ஜோஹனஸ் பசிபிக் கடலின் பலாவு தீவுகளில் மீனவர்களிடம் கற்று, எந்த மீன் எந்தப் பிறைநாளில், பவளப்பாறையின் எந்தப் பகுதியில் கூடி முட்டையிடும் என்பதைப் பதிவு செய்தார். நிலவின் சுழற்சியையொட்டி இனப்பெருக்கம் செய்வதாக அன்றைய அறிவியல் அறிந்திருந்த மீனினங்களைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டவற்றை அம்மீனவர்கள் அறிந்திருந்தனர். கருவிகளைக் கொண்டு இதைக் கண்டறியப் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் மீன் கூடும் இடத்தை அச்சிட்டு வெளியிட்டால், வலை வைத்திருக்கும் எவரும் அங்கே வரலாம். சொன்னவருக்கு அதைத் தடுக்கும் உரிமை இவ்வழியில் இல்லை.

இதைவிடப் பெரிய குறை முரண்பாட்டில் வெளிப்படுகிறது. 1980களில் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தின் கரையோர மீனவர்கள், அவர்கள் தொல்குடியினர் அல்லர் என்றாலும் தலைமுறைகளாக அந்தக் கடலை அறிந்தவர்கள், காட் மீன் குறைந்துவருகிறது என்று எச்சரித்தனர். கடலில் உள்ள மீன் இருப்பைக் கணக்கிட்ட அறிவியலாளர்கள் ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடிப்பளவையும் பெரிதும் சார்ந்திருந்தனர். மீன் குறைந்தாலும், திரளைத் தேடிச் செல்லும் கப்பலின் பிடிப்பு உடனே குறைந்துவிடாது என்பதால், இருப்பு உண்மையைவிட மிகுதியாகவே மதிப்பிடப்பட்டது. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது. தரவு மட்டுமே தேவைப்படும் ஆய்வு, தன் கணக்கோடு பொருந்தாத சொல்லை ஒதுக்கிவிடுவது எளிது.

இரண்டாவது வழியை, கனடாவின் கிழக்குக் கரைத் தொல்குடியான மிக்மாக் மக்களின் மூத்தோரான ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் ‘இரு கண் பார்வை’ என்று வகுத்துரைத்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே, அலாஸ்காவின் வடகரையில் ஒரு தகராறு இதன் பயனைக் காட்டியிருந்தது. 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், போஹெட் திமிங்கிலங்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்ற மதிப்பீட்டை ஏற்று, இனுபியாட் மக்களின் வேட்டைக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு மிகச் சிறிய ஒதுக்கீடு மட்டும் கிடைத்தது. பனியின் விளிம்பில் நின்று, திறந்த நீர்வழியில் கடந்து செல்பவற்றை எண்ணியதே அந்த மதிப்பீட்டின் அடிப்படை. திமிங்கிலங்கள் பனிக்கடியிலும் செல்கின்றன, மெல்லிய பனியை உடைத்து மூச்சுவிடுகின்றன, கண்ணுக்கெட்டாத தொலைவிலும் கடக்கின்றன என்று வேட்டைக்காரர்கள் வாதிட்டனர். அவர்கள் தாமே ஓர் ஆணையத்தை அமைத்தனர். 1981இல் அமெரிக்க அரசின் கடல்சார் அமைப்போடு கூட்டு மேலாண்மை உடன்பாடும் செய்துகொண்டனர். அவர்கள் சொன்னதைச் சோதிக்கும் வகையிலேயே பின்வந்த கணக்கெடுப்பு அமைந்தது. நீருக்கடியில் ஒலிவாங்கிகள் இறக்கப்பட்டன, விமானத்திலிருந்தும் தேடினர். பனிக்கடியிலிருந்து குரல்கள் கேட்டன. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. இடையில் திமிங்கிலங்கள் பெருகியதும் அதற்குக் காரணம்தான் என்றாலும், தொடக்க மதிப்பீடு மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. இங்கே முரண்பாடுதான் அடுத்த அளவீட்டுக்கு வழிகாட்டியது, வேட்டைக்காரர்களின் கூற்றும் சோதனைக்கு உட்பட்டே நிலைபெற்றது. அந்த நேர்மை இவ்வழியின் சிறப்பு.

எனினும், சரியாக அறிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு இரண்டாவது வழியில் விடையில்லை. மூன்றாவது வழி அங்கேதான் தொடங்குகிறது. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள க்வாய் ஹானாஸ் என்னும் பாதுகாக்கப்பட்ட தீவுப் பகுதியை 1993ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அங்குள்ள தொல்குடியினரான ஹைடா மக்களும் மத்திய அரசும் ஒரே குழுவில் சம எண்ணிக்கையில் அமர்ந்து நிர்வகிக்கின்றனர். 2010இல் இந்த ஏற்பாடு கடலுக்கும் விரிந்தது. நிலம் யாருடையது என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. இரு நிலைப்பாடுகளையும் அருகருகே எழுதிவைத்துவிட்டே பணியைத் தொடங்கினர். குழுவுக்குள் தீராத கருத்து வேறுபாடு எழுந்தால், செயல் நிறுத்திவைக்கப்பட்டு, ஹைடா பேரவைக்கும் கனடா அரசுக்கும் செல்லும். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். 2014இல் கனடா மீன்வளத் துறையின் அறிவியலாளர்களே வேண்டாம் என்று பரிந்துரைத்தும், ஹைடா மக்களின் கடலில் ஹெர்ரிங் என்னும் மீனின் பிடிப்பைத் திறக்க அத்துறை அமைச்சர் தீர்மானித்தார். 2015இலும் அது திறக்கப்படவிருந்தபோது ஹைடா மக்கள் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றனர். கையில் உடன்படிக்கை இல்லாதிருந்தால், அவர்களுடைய அறிவு எவ்வளவு சரியானதாக இருந்திருந்தாலும் அந்த வழக்கு அவ்வளவு வலுப்பெற்றிருக்காது. இவ்வழிக்குக் காலமும் பணமும் மிகுதியாகத் தேவை. சட்டம் மக்களின் உரிமையை ஏற்காத கரைகளில் இது பெயரளவில் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு.

தொல்குடி அறிவு எல்லாவற்றையும் அறியும் என்று நான் சொல்லவில்லை. கடல்நீர் அமிலமாவதையும் சிப்பியில் சேரும் நுண்பாசி நஞ்சையும் அறியக் கருவிதான் வேண்டும். யாருடைய நினைவிலும் இல்லாத அளவுக்கு நீர் வெப்பமாகும்போது பழைய பருவக் குறிகளும் பொய்க்கக்கூடும். ஆகவே, ஒரு முறை மட்டும் நடக்கும் சிறு கணக்கெடுப்புக்கு, மக்களின் இசைவும் இடங்களின் மறைகாப்பும் உறுதியானால் முதல் வழியே போதும். ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வை இரண்டாவது வழியில் தொடங்குவதே நல்லது. ஆய்வின் முடிவால் மக்களின் பிடிப்போ வேட்டையோ நிறுத்தப்படலாம் என்றால் மூன்றாவது வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கருத்து முரண்பட்டால் எந்தச் செயல் நிற்கும், அதை யார் தீர்ப்பார் என்பதைக் களப்பணிக்கு முன்பே எழுத்தில் வைத்துவிட வேண்டும்.