ஊர் லீவில் முன்பல்லுக்கு வெனீர்

முன்பற்களின் ஓரம் தேய்ந்து, நடுவில் சந்தும் விழுந்திருந்தது. பல்லின் முன்பக்கம் மெல்லிய ஓடாக ஒட்டும் வெனீருக்கு டொரொண்டோவில் விலை கேட்டதுமே ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கோவைக்குப் போய் இறங்கிய வாரமே இந்த வேலையைத் தொடங்கியது நல்லதாயிற்று. லேப் வேலை இருப்பதால் கடைசி வாரத்தில் அவசரமாக முடிக்கிற சமாசாரம் இல்லை.

முதலில் போன இடத்தில் வாயைச் சரியாகப் பார்க்காமலே எட்டுப் பல்லுக்கு பேக்கேஜ் சொன்னார்கள். வெனீர் ஒட்டுவதற்காகச் செதுக்கிய எனாமல், அதாவது பல்லின் வெளிப்படலம், திரும்ப வளராது. கிளம்பிவிட்டேன்.

அடுத்த டாக்டர், "நாலு போதும்மா" என்றார். மெழுகில் மாதிரி செய்து, அதை வைத்து என் பல்லின் மேலேயே தற்காலிகமாக ஒரு வடிவம் போட்டுக் காட்டினார். 'ஃபிஃப்டி ஃபைவ்' சொல்லச் சொன்னார். பல் நுனி கீழுதட்டில் எங்கே படுகிறது என்று பார்க்கத்தானாம். கொஞ்சம் நீளம், அங்கேயே தேய்த்துக் குறைத்தார். அப்புறம்தான் நிஜப் பல்லில் கை வைத்தார், அதுவும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு.

செதுக்கும் முன்பே நிறம் பார்த்துவிட்டார்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியுமாம். லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்லி, என் சிவப்பு துப்பட்டாவைச் சாம்பல் துணியால் மூடி, ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். லேபிலிருந்து டெக்னீஷியனே வந்திருந்தார். 16 நிற மாதிரிப் பற்கள் கொண்ட ஷேட் கைடில் நான் வெளுப்பான பி1-ஐக் காட்ட, அவர் அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த ஏ2-வைப் பல்லோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்தார். "பக்கத்துப் பல்லோட சேரணும்ல அக்கா." ஈறுப் பக்கம் லேசான மஞ்சள், நுனியில் ஒளி ஊடுருவும் சாம்பல் நீலம் என்று பல்லை வரைந்து குறித்துக்கொண்டார். இந்தப் பேதமெல்லாம் இல்லாவிட்டால் பாத்ரூம் டைல்ஸ்தான்.

எனக்கு வைத்தது லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக். ஓடு மெல்லியது என்பதால் ஒட்டும் சிமென்டின் நிறமும் வெளியே தெரியும். அதனால் முதலில், ஒட்டிவிடாமல் சிமென்டின் நிறத்தை மட்டும் காட்டும் ட்ரை-இன் பேஸ்ட் தடவி வைத்துப் பார்த்தோம். ஒன்று வெளுத்துத் தெரிந்தது, லேபுக்குத் திரும்பிப் போனது. ஒட்டிய பிறகு நிறத்தை மாற்ற வழியில்லை, ப்ளீச்சிங்கும் வெனீரில் ஏறாது. மற்ற பற்களை வெளுக்க நினைப்பவர்கள் அதை முதலில் முடித்து, இரண்டு வாரமாவது கழித்து நிறம் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கத்தில் பல் கடிப்பேன் என்பதால் நைட் கார்டும் தந்தார்கள். கிளம்பும்போது எக்ஸ்ரே, ஷேட் எண், செராமிக் பெயர், சிமென்ட் பெயர் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் இங்கே வெளிநாட்டில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.