17 அங்குல வீலுக்குள் 330 மில்லிமீட்டர் டிஸ்க்: பெரிய பிரேக் கிட்டுடன் நீண்டநாள் அனுபவம்

பெரிய பிரேக் கிட் (பெரிய டிஸ்க்கும் அதற்கேற்ற காலிப்பரும் சேர்ந்த செட்) போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என் வீல் 17, இந்தக் கிட் ஏறுமா?" வீல் எண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரே காரில், ஒரே கிட்டோடு, இரண்டு செட் 17 அங்குல அலாய் வீல்களைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று தாராளமாக ஏறியது. மற்றொன்றில் ஸ்போக் (வீலின் கை) காலிப்பரின் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) முகத்தில் இடித்தது. சில வருடங்களாக இந்த அமைப்போடு ஓட்டி வருகிறேன். கிட் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைப்பதையெல்லாம் எழுதுகிறேன்.

என்னுடையது முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்து வந்தபோது 205/55 R16 டயர், முன்னால் 280 மிமீ டிஸ்க், 57 மிமீ ஒற்றைப் பிஸ்டன் வைத்த மிதக்கும் காலிப்பர் (ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து, பக்கவாட்டில் நகரும் வகை). நகருக்குள் அதில் ஒரு குறையும் இல்லை. நீண்ட மலை இறக்கங்களிலும் டிராக் ஓட்டத்திலும்தான் சிக்கல். பேட் சூடேறி வாடை வரும், அடுத்தடுத்த வளைவுகளில் பெடலை இன்னும் இன்னும் அழுத்த வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு முறை முழு பிரேக் போட்டு நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். சாதா பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு, ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் பெரிய டிஸ்க் போட்டு அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. பெரிய பிரேக் தருவது வெப்பத்தைத் தாங்கும் திறன். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிமீ வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 140 கிமீ வேகத்தில் அது ஏறக்குறைய இரு மடங்கு. மறுபடி மறுபடி அந்தச் சூட்டை உள்வாங்கிக் காற்றில் விட, டிஸ்க்கில் இரும்பும் உள்ளே காற்றோட்டமும் வேண்டும். அதனால் முதலில் நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் மாற்றிப் பாருங்கள். டாட் 4 தர பிரேக் ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 155. பழைய ஆயிலோடு எந்தக் கிட் போட்டாலும் பெடல் பஞ்சுபோல் ஆகிவிடும். இந்த இரண்டையும் மாற்றிய பிறகும் எனக்கு மலை இறக்கத்தில் போதவில்லை, அதனால்தான் கிட்டுக்குப் போனேன்.

இனி அளவு. 17 அங்குலம் என்பது டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், அதாவது 431.8 மிமீ. காலிப்பர் உட்காரும் உள்பக்க பாரல் (வீலின் உருளை போன்ற உட்சுவர்) அதைவிட நன்றாகவே குறுகலாக இருக்கும். எவ்வளவு குறுகல் என்பது வீலுக்கு வீல் மாறும். டிஸ்க்கின் விளிம்போடு கணக்கு முடிவதும் இல்லை. காலிப்பரின் முதுகு விளிம்பைத் தாண்டி 20 மிமீக்கு மேல் வெளியே நிற்கும். தோராயமாகப் பார்த்தால் 15 அங்குல வீலுக்கு 280 மிமீ, 16க்கு 300-310, 17க்கு 330, 18க்கு 355, 19க்கு 380 மிமீ டிஸ்க் வரை போகலாம். இது தேடலைத் தொடங்க மட்டும் உதவும் கணக்கு, இதை நம்பி ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு இடைவெளிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று காலிப்பர் முதுகுக்கும் பாரலுக்கும் இடையே. மற்றொன்று காலிப்பரின் வெளிமுகத்துக்கும் ஸ்போக்கின் பின்பக்கத்துக்கும் இடையே. பலரும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள், இடிப்பதோ பெரும்பாலும் இரண்டாவதில். நான்கு அல்லது ஆறு பிஸ்டன் காலிப்பரில் வெளிப்பக்கமும் பிஸ்டன் இருப்பதால் அது வீலை நோக்கிப் புடைத்து நிற்கும். என் இரண்டு செட் வீல்களுக்கும் அகலம், ஆஃப்செட் (வீல் மாட்டும் மையப்பகுதியான ஹப்பில் உட்காரும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) இரண்டுமே ஒன்றுதான். ஏறிய வீலின் ஸ்போக் ஹப்பிலிருந்து கிளம்பியதுமே வெளியே வளைந்து போகும். இடித்த வீலின் ஸ்போக் உள்ளே குழிந்து, பிறகுதான் விளிம்புக்கு எழும். நேரில் நின்று பார்த்தால் அழகு அந்தக் குழிந்த வீல்தான், ஆனால் காலிப்பருக்கு இடம் தருவது மற்றதுதான்.

இதைக் கிட் வாங்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வில்வுட் போன்ற தயாரிப்பாளர்கள் காலிப்பரின் பக்கவாட்டு உருவத்தை அளவுகளோடு வரைபடமாகத் தருகிறார்கள். அதை முழு அளவில் அச்செடுத்து, அச்சில் வந்த ஒரு கோட்டை ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள். பிரின்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கியிருந்தால் எல்லாமே பொய்யாகிவிடும். பிறகு கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, வீலைக் குப்புறப் போட்டு, ஹப்பில் உட்காரும் முகத்தோடு அட்டையின் கோட்டைப் பொருத்தி, வீலின் மையத்தைச் சுற்றி மெதுவாக ஒரு முழுச் சுற்று நகர்த்துங்கள். எல்லா ஸ்போக்கையும் கடக்க வேண்டும். எங்கும் குறைந்தது 3 மிமீ இடைவெளி இருந்தால்தான் நான் அந்த வீலை ஏற்பேன். வளைவில் வீலும் ஹப்பும் சற்று நெளியும், சூட்டில் உலோகம் விரியும். இரண்டாவது செட் ஸ்போக்கில் இடிக்கும் என்று எனக்கு அட்டையே சொல்லிவிட்டது. காலிப்பர் வந்தபின் வைத்துப் பார்த்தபோது அதே இடத்தில்தான் தொட்டது.

ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் வளையம்) போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஸ்போக் இடித்தால் சரியாகும். பாரல் இடித்தால் ஸ்பேசரால் பயனில்லை, ஏனென்றால் வீல் வெளியே நகருமே தவிர விட்டம் பெரிதாகாது. போடுவதானால் ஹப்பின் மையத்தில் பிசகாமல் உட்காரும் ஸ்பேசராகப் போடுங்கள். நட்டு ஏறும் மரையின் நீளம் ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீளும் வீல் போல்ட்) விட்டத்துக்காவது சமமாக இருக்க வேண்டும்: 12 மிமீ ஸ்டட் என்றால் குறைந்தது 12 மிமீ. அது கிடைக்காவிட்டால் நீளமான ஸ்டட் மாற்றியே தீர வேண்டும், இதில் சமரசமே கூடாது. வீல் வெளியே போகப் போக ஸ்டீயரிங் மேடு பள்ளத்துக்கு அதிகமாக இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் ஸ்பேசரே வேண்டாம் என்று முதல் செட்டோடு நின்றுவிட்டேன். டயர் 225/45 R17. வெளிவிட்டம் பழையதைவிட அரை சதவீதம்கூட மாறவில்லை, ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் பழையபடியே வேலை செய்கின்றன.

டிஸ்க் அளவு போலவே முக்கியம் பிஸ்டன் அளவு. என் கிட்டின் காலிப்பரில் நான்கு பிஸ்டன், ஒவ்வொரு பக்கமும் 36 மிமீ ஒன்று, 40 மிமீ ஒன்று. பிரேக் விசைக் கணக்குக்கு ஒரு பக்கத்துப் பிஸ்டன் பரப்பை மட்டும் எடுக்க வேண்டும். மிதக்கும் காலிப்பர் ஒரே பிஸ்டனின் எதிர்விசையால் மறுபக்கப் பேடையும் இழுத்து அழுத்திவிடுவதால், ஒப்பீடு அப்படித்தான் நேராகும். பழையதன் பரப்பு சுமார் 2,550 சதுர மிமீ, புதியது சுமார் 2,270. அதாவது பரப்பு குறைந்திருக்கிறது! ஆனால் பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து சுமார் 115 மிமீ தூரத்திலிருந்து 140 மிமீக்குப் போயிருக்கிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் முன் பிரேக்கின் முறுக்குவிசை 8 சதவீதம் போலத்தான் கூடுகிறது. நான் தேடியது இதைத்தான். முன்பின் பிரேக் சமநிலை பெரிதாகக் கெடவில்லை, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) தள்ள வேண்டிய ஆயிலும் குறைந்ததால் பெடல் முன்பைவிட மேலேயே, இறுக்கமாகப் பிடிக்கிறது. பெரிய டிஸ்க்கோடு பெரிய பிஸ்டனும் வைத்த கிட்டைச் சிறிய காரில் மாட்டினால் பெடல் ஆழமாக இறங்கும், பிரேக் வேலையெல்லாம் முன்சக்கரத்துக்கே போய்ப் பின்சக்கரம் சும்மா உருளும். விற்பவரிடம் பிஸ்டன் அளவுகளைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஆயிலில் இருக்கும் காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே வர வேண்டும். இரண்டு அளவுப் பிஸ்டன் இருந்தால் சிறியது டிஸ்க் உள்ளே நுழையும் பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் பேட் சாய்வாகத் தேயும். நடுவில் காற்றைத் தள்ளும் வளைந்த தகடுகள் உள்ள டிஸ்க்குக்கு இடம் வலம் உண்டு. அந்த வளைவு சுழற்சிக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், மேலே தெரியும் கீறல்களைப் பார்த்துத் திசையை முடிவு செய்யாதீர்கள். புதுப் பேடைப் பழக்கும்போது வேகத்திலிருந்து நடைவேகம் வரை பலமுறை குறைத்து, முழுவதும் நிற்காமல், கடைசியில் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும்.

இத்தனை காலத்தில் தெரிந்தது என்ன? மலை இறக்கத்தின் தொடக்கத்தில் இருந்த பெடல் உயரமே அடிவாரத்திலும் இருக்கிறது. இதற்காகவே இந்தக் கிட்டை மனதார விரும்புகிறேன். பேட் மாற்றுவதும் சுகம்: காலிப்பரைக் கழற்ற வேண்டாம், பின்னை உருவி, பழையதை எடுத்துப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. குறைகளும் உண்டு. டிஸ்க்கின் அலுமினிய நடுப்பகுதியும் இரும்பு வளையமும் தனித்தனியாக இருப்பதால், மெதுவாகப் போகும்போது லேசான கடகட சத்தம் வரும். குளிர்ந்த காலையில் முதல் சில பிரேக்குகளில் கீச்சொலி கேட்கும். பிஸ்டனுக்குத் தூசி உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பந்தயத்துக்கென்றே வரும் சில காலிப்பர்களில் அது இருக்காது, மண் சாலையில் தினமும் ஓட்டினால் சீல் சீக்கிரம் கெட்டுவிடும்.

இடைவெளி சில மில்லிமீட்டர்தான் என்பதால் டயர் கடையில் ஒவ்வொரு முறையும் கூடவே நிற்கிறேன். பேலன்ஸ் செய்யும்போது வீலின் உள்ளே ஒட்டும் வெயிட்டுக்கும் தடிமன் உண்டு. காலிப்பர் கடக்கும் பட்டையில் ஒட்டினால் உரசும், பிய்ந்துபோகும். எங்கே ஒட்டலாம் என்று வீலின் உட்புறம் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஜாக்கியை இறக்கும் முன் வீலைக் கையால் ஒரு சுற்று சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்பேன். சரளை ரோட்டில் போய் வந்தால் காலிப்பருக்கும் பாரலுக்கும் இடையே சிறு கல் சிக்கும், உள்பக்கம் வட்டமாகக் கோடு விழும். சத்தம் கேட்டதும் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

யாரும் யோசிக்காத ஒன்று ஸ்டெப்னி. கம்பெனி தந்த 16 அங்குல ஸ்டெப்னி 330 மிமீ டிஸ்க்கின் மேல் ஏறாது. முன் டயர் பஞ்சரானால் பின் வீலைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுகிறேன். என் காரில் பின் பிரேக் பழையபடியே இருப்பதால் இது சாத்தியம். பின்னாலும் பெரிய கிட் போட்டிருந்தால் முழு அளவு ஸ்டெப்னி சுமந்தாக வேண்டும். பின் காலிப்பரோடு பார்க்கிங் பிரேக்கும் சேர்ந்திருப்பதால் அதை மாற்றுவது தனி வேலை. நான் பின்னால் நல்ல பேட் மட்டும் போட்டு விட்டுவிட்டேன்.

18 அங்குலத்துக்கும் 355 மிமீ டிஸ்க்குக்கும் மாறச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் காரின் எடைக்கும் வேகத்துக்கும் 330 மிமீ டிஸ்க்கே சூட்டை இன்னும் மிச்சம் வைத்துத் தாங்குகிறது. 18க்குப் போனால் டயரின் பக்கச்சுவர் மெலிந்து பள்ளத்தில் ரிம் அடிவாங்கும், வீலும் டிஸ்க்கும் கனக்கும். இந்த வளையம் குறைந்தபட்சத் தடிமனைத் தொட்டதும் அதே அளவு வளையத்தையே வாங்கி மாற்றப் போகிறேன். நடுப்பகுதியும் காலிப்பரும் அப்படியே இருக்கும்.